கண்டதை மட்டும் எழுதியவர்

"பாஸ் கிளம்பிட்டாங்களா அக்கா?" என்று கேட்டால் அக்கா ஒருநாளும் ஓம், அதாவது ஆமாம், என்று சொன்னதில்லை. "கோட் கொளுவியிலை இல்லை. சைக்கிளும் வாசலிலை இல்லை. போனாவோ எண்டு எனக்குத் தெரியாது தம்பி" என்பார். கொக்கியில் கோட்டும் இல்லை, வாசலில் சைக்கிளும் இல்லை என்றால் மனுஷி வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதானே அர்த்தம்? மதுரைக்காரனான எனக்கு இந்தப் பேச்சு முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, அடுத்த மாதம் வேடிக்கையாக இருந்தது. அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

எதிலும் அவர் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கச்சியோடு அரைமணி நேரம் போனில் பேசிவிட்டு வருவார். "தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்றால், "குரல் நல்லா இருந்தது." யாராவது கேக் கொண்டுவந்து, அதில் முட்டை இருக்கிறதா என்று நான் அவரிடம் தமிழில் விசாரித்தால், "இல்லையாம் எண்டு அவ சொல்லுறா." பொய் சொல்லக் கூடாது என்ற கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம். கொள்கை கிள்கை எல்லாம் அவரிடம் கிடையாது. கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் ஆரா என்ற ஊரில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. பறவைக் கூடுகளுக்கு வைக்கும் சின்னக் கேமராக்களை அங்கே செய்தோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உப்புச் சதுப்பு நிலங்களில் மட்டும் வாழும் ஒரு குருவிக்காக எங்கள் கேமராக்களை வாங்கினார்கள். பதிவான படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையும் எங்களிடமே வந்தது. கடலே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு கடலோரக் குருவிக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் பொறுப்பாளன்.

அக்காவை அனுப்பியது வேலை தேடித் தரும் அரசு அலுவலகம். பதினாறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் இடத்தில் நின்று முதுகு போய்விட்டது. உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுங்கள் என்று கடிதம் இருந்தது. குருவிக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன சம்பந்தம், எனக்கென்று வந்து வாய்த்தாரே என்று சலித்துக்கொண்டேன். பாஸிடம் முகத்தைச் சுளித்தும் காட்டினேன். நாற்காலியின் முதுகில் மடித்த துவாய்த் துண்டு ஒன்றை வைத்து, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு அவர் திரைக்கு முன்னால் அமர்ந்த முதல் நாள் இதெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் குருவி இருபது கிராம் தேறாது. முகத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பட்டை, நெஞ்சில் கோடு கோடாகக் கீறல். சதுப்புப் புல்லுக்குள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டும். கடல் பெருகும்போது தண்ணீர் அந்தச் சாண் உயரத்தையும் தாண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் உயரும். இரண்டில் ஒன்று பெரிதாக இருக்கும். அந்தக் கோடையில் அமாவாசைப் பெருக்குதான் பெரிது. பெரிய பெருக்கு வடிந்த கையோடு பெண் குருவி கூடு கட்டத் தொடங்கிவிட வேண்டும். முட்டையிட்டு, அடைகாத்து, பொரித்து, குஞ்சுகள் புல்லைப் பிடித்து ஏறும் அளவுக்கு வளர்வதற்குள் அடுத்த பெரிய பெருக்கு வந்துவிடும். கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று நாள். இப்போது கடல் மட்டம் வேறு வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. அந்த இரண்டு மூன்று நாளையும் கடல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை நான் வரைபடம் போட்டு விளக்கினேன். அக்கா தலையாட்டிக் கேட்டார். மறுநாள் தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கு மேலே மாட்டினார். அமாவாசைகளில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு. அதற்கப்புறம் என் வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை. பாஸ்கூட, "அடுத்தது எப்போது?" என்று அக்காவின் நாட்காட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் கடைசியில் ஓர் எண் எழுத வேண்டும். கூட்டைவிட்டுப் பிழைத்துப் போனால் ஒன்று. எலியோ பருந்தோ தின்றால் இரண்டு. தண்ணீரில் செத்தால் மூன்று. தெரியவில்லை என்றால் நான்கு. எழுதியவர் பெயரின் முதலெழுத்துகள் அதே வரியில் இருக்கும். தண்ணீர் ஏறும்போது கேமராவும் மூழ்கி, திரை சாம்பல் நிறமாகிவிடும். வடிந்த பிறகு பார்த்தால் கூடு காலி. குஞ்சு மிகச் சிறியது என்றால் மூன்று என்று எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அக்கா மட்டும் நான்கு எழுதினார்.

"அக்கா, இதுல என்ன சந்தேகம்? தண்ணி வந்துச்சு, கூடு காலி. மூணுன்னு போடுங்க."

"தண்ணி வந்தது, ஓம். கூடு வெறுமையாக் கிடக்குது, அதுவும் ஓம். செத்ததை நான் காணேல்லைத் தம்பி."

"நாலு நாள் குஞ்சு. நீந்தியா போயிருக்கும்?"

"நீந்தினதையும் காணேல்லை."

கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ஜூன் மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒன்பது நாளான மூன்று குஞ்சுகள் இருந்த கூடு. நான் மூன்று என்று தீர்த்துவிட்டிருந்த கூடு. நாங்களெல்லாம் எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டித் தள்ளிவிடும் படத்தை, அவர் தண்ணீர் ஏறிய இரண்டு மணி நேரத்தையும் அப்படியே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். அன்று கேமரா பாதிதான் மூழ்கியிருந்தது. திரையின் இடது மூலையில் ஒரு புல்தண்டு. அதில் ஒரு கறுப்புக் கட்டி. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் கட்டி அசைந்தது. குஞ்சு. தண்டில் ஏறி, அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நீர் வடியும்வரை பிடித்திருக்கிறது. பிறகு தாய் வந்து வாயில் ஒரு பூச்சியை வைத்தது.

"மத்த ரெண்டும்?" என்றேன்.

"அதுகளைக் காணேல்லை" என்றார். ஏறிய குஞ்சுக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் நான்கு என்று எழுதினார்.

அந்தப் படத்தைப் பாஸுக்கு நான்தான் அனுப்பினேன். அமெரிக்காவிலிருந்து பாராட்டு வந்தது. கண்டுபிடித்தது அக்கா என்று கடிதத்தில் எழுதினேன். கடைசி வரியில் எழுதினேன்.

ஆண் குருவிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை கொண்டுவருவது எல்லாம் பெண்தான். ஆண் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு சதுப்பு முழுக்கச் சுற்றும். கூட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. இதை நான் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "எங்கடை ஊரிலையும் உப்பிடிக் கொஞ்சப் பேர் இருந்தவை" என்றார். காலை ஒன்பது மணி இடைவேளை. கையில் காப்பி, நல்ல மனநிலை. கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாக இருக்கும் மனுஷியிடம் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான் என்று நினைத்துக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் அக்கா?"

அவர் திரையிலிருந்து திரும்பவில்லை. "நாலு" என்றார்.

அது எனக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரே மெதுவாகச் சொன்னார். "பஸ்ஸை மறிச்சவங்கள். ஆம்பிளையளை இறங்கச் சொன்னவங்கள், இவரும் இறங்கினவர். எனக்கு மடியிலை பிள்ளை, மூண்டு வயசு. நான் யன்னலாலை பாத்தனான். சேட்டின்ரை முதுகுப் பக்கம் வேர்வையிலை நனைஞ்சிருந்தது. அங்காலை ஒரு மாமரம். அதுக்குக் கீழை எல்லாரையும் வரிசையா நிப்பாட்டினவங்கள். பஸ்ஸை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள். நான் கண்டது அவ்வளவும்தான்."

"எத்தனை வருஷமாச்சு?"

"பிள்ளைக்கு இப்ப முப்பத்தொண்டு."

இருபத்தெட்டு வருடம். இவ்வளவு காலம் ஆகிவிட்டதே அக்கா என்று எதையோ உளறினேன். அவர் கோபப்படவில்லை. "வருஷம் கூடினா நான் கண்டது கூடுமோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, நிறுத்திய படத்தை மறுபடி ஓடவிட்டார்.

அந்தப் பிள்ளையை ஜூலை மாதம் பார்த்தேன். கூர் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை. வெள்ளிக்கிழமை தாயைக் கூட்டிப்போக வந்தவள், அக்கா கணினியை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் காப்பி மெஷின் பக்கம் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணை, வாற கிழமை ஆடி அமாவாசை. நான் அப்பாவுக்கு விரதம் பிடிக்கப் போறன். அம்மா விடுறா இல்லை."

அம்மா ஏன் விடவில்லை என்று விளங்காமல் முழித்திருப்பேன் போல. அவள் விளக்கினாள். ஆடி அமாவாசை விரதம் தகப்பன் செத்தவர்களுக்கு மட்டும் உரியது. தகப்பன் இருக்கிறவர்கள் அதைப் பிடிக்கவே கூடாது. மகள் விரதம் பிடித்தால் அப்பா இல்லை என்று ஊருக்கும் கடவுளுக்கும் சொன்ன மாதிரி. தாய் பொட்டோடு இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

"எனக்கு அவரின்ரை முகம்கூட ஞாபகம் இல்லை அண்ணை. ஆனா எல்லாருக்கும் தங்கடை அப்பாவுக்கு அழ ஒரு நாள் இருக்கு. எனக்கு ஒண்டும் இல்லை. ஒரு நாள்தானே கேக்கிறன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா."

அக்காவிடம் போய் இதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளையின் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. "நீங்க பிடிங்க. அம்மாகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம். நான் பார்த்துக்கறேன்" என்றேன். நான் பார்த்துக்கறேன் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தை. ஒன்றையும் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அவள் பிடித்தாள். கோயிலில் ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டாள். அந்த நாளுக்கென்றே யாழ்ப்பாணத்தார் சமைக்கும் கசப்பான காத்தோட்டிக்காயைத் தமிழ்க் கடையில் தேடி வாங்கிக் கறிவைத்தாள். சாயங்காலம் தாய்க்கு போன் போட்டு அவளே சொன்னாள். அக்கா கேட்டது ஒரே கேள்வி. "சாப்பிட்டியோ?" அதன் பிறகு ஒரு வருடம் அவர் கூர்ப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை, அந்த அமாவாசைப் பெருக்கின் படங்கள் வந்தன. கோடையின் மிகப் பெரிய பெருக்கு. பதினொரு கூடுகள். சில கூடுகளில் பெண் குருவி தண்ணீர் வயிற்றைத் தொடும்வரை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, கூட்டுக்கு மேலே வளைத்திருந்த புல்லில் நின்று, கீழே பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு திரை சாம்பல். அக்கா ஒரு நொடியைக்கூட வேகமாக ஓட்டவில்லை. இடையில், என் பக்கம் திரும்பாமலேயே, "நீங்கள்தானாம் பிடிக்கச் சொன்னது" என்றார்.

"ஆமாக்கா."

"நீங்கள் அவரைக் கண்டனீங்களோ?"

"இல்லக்கா."

அவர் அடுத்த கூட்டின் படத்தைத் திறந்தார். வைதிருந்தால் தேவலை என்று இருந்தது.

இலையுதிர் காலத்தில் அறிக்கை கேட்டார்கள். அக்காவின் வரிகளில் எக்கச்சக்கமான நான்குகள். இத்தனை நான்கு இருந்தால் கணக்கு எப்படி நிற்கும் என்று பாஸ் கேட்டார். விதி இருக்கிறதே என்றேன். ஒரே கட்டளையில், விதிக்குள் வரும் அவருடைய நான்குகளையெல்லாம் மூன்றுகளாக மாற்றினேன். முப்பத்தெட்டு வரி. ஒரு நிமிடம் ஆகவில்லை. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விவாதம் வரும், எனக்கு நேரமில்லை என்று எனக்கே ஒரு சமாதானம். அறிக்கை போய்ச் சேர்ந்தது. இத்தனை குஞ்சுகள் நீரில் மூழ்கிச் செத்தன என்று அதில் இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் புதுப் பருவத்துக்காகப் பழைய கோப்பைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது நான் எழுதினது இல்லை."

விதியை எடுத்துச் சொன்னேன். புள்ளிவிவரம், கடல் மட்டம், குருவிக்கே இதனால்தான் நன்மை என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"விதி சரியா இருக்கும். அதுகள் செத்திருக்கும் எண்டு எனக்கும் தெரியும். எனக்கொண்டும் விசர் பிடிக்கேல்லை. ஆனா பக்கத்திலை என்ரை எழுத்து நிக்குது. கண்ட ஆள் நான் எண்டல்லோ அது சொல்லுது? மூண்டு எண்டு போடுறதெண்டால் உங்கடை பேரைப் போடுங்கோ."

"சரிக்கா, மொத்தமா மாத்திடறேன்."

"மொத்தமா வேண்டாம். ஒவ்வொண்டா மாத்துங்கோ. நான் இருக்கிறன்."

பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, துவாயை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வரியிலும் அவர் எழுத்தை அழித்து என் எழுத்தைப் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் கூட்டு எண்ணையும் தேதியையும் அவர் வாசித்தார். ஆடி அமாவாசை வரிகள் வந்தபோதும் அவர் குரல் மாறவில்லை. நான் காணாத முப்பத்தெட்டுச் சாவுகளுக்கு இன்றுவரை நான்தான் சாட்சி. அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் வேறெங்கும் பட்டதில்லை.

இரண்டு மாதத்தில் முதுகு மறுபடி மோசமாகி அவர் வேலையை விட்டார். கை குலுக்கி, "வாறன் தம்பி" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. போன் நம்பர் இருந்தது, கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். நான்கு வருடம் கூப்பிடவில்லை.

போன ஜூலையில் அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மகள். அக்கா சித்திரையில் இறந்துவிட்டார். வயிற்றில் கட்டி, கண்டுபிடித்தபோதே காலம் கடந்துவிட்டது. "வாற ஞாயிறு வீட்டை சாப்பிட வாங்கோ அண்ணை" என்றாள். போனை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த ஞாயிறு ஆடி அமாவாசை.

என் அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆடி அமாவாசைக்குக் காலையில் எள்ளும் தண்ணீரும் விடுவேன், அன்று முழுக்கக் கவுச்சி தொட மாட்டேன். நான் விடாமல் செய்கிற ஒரே காரியம் அதுதான். அன்றும் ஆற்றங்கரையில் அதை முடித்துவிட்டுத்தான் கூருக்கு ரயில் ஏறினேன். அந்தப் பெண்ணும் தகப்பனுக்கு விரதமாக இருப்பாள், இருவரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசனை.

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓம் அண்ணை, அமாவாசை எண்டு தெரியும்" என்றாள். "அஞ்சு வருஷமா நான் பிடிச்சனான். அந்த ஒரு நாள் மட்டும் நானும் அம்மாவும் கதைக்கிறேல்லை. ஆசுப்பத்திரியிலை கடைசிக் கிழமை அம்மாவே சொன்னா, இனி நீ நிம்மதியாப் பிடி பிள்ளை, நான் குறுக்கை நிக்கேல்லை எண்டு."

"அப்புறம் ஏம்மா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்பாவின்ரை வழியை அம்மா பாத்துக்கொண்டிருந்தவ. அதாலைதான் நான் அப்பா செத்துப்போனார் எண்டு அழக்கூடியதா இருந்தது. இப்ப அம்மாவும் இல்லை. நானும் அழுது முடிச்சிட்டு எழும்பினால், அவரைப் பாத்துக்கொண்டிருக்க ஆர் இருக்கினம் அண்ணை?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. சோறு போட்டு, மீன் குழம்பை அகப்பையில் எடுத்து, விடட்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கும் ஓர் அப்பா இருந்தார், எனக்கு இன்றைக்கு விரதம் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தட்டை நீட்டினேன். என் அப்பா பொறுத்துக்கொள்வார். அவர் சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.